மீந்த பிரெட்டில் இனிப்பு மஃபின்: நடுப்பகுதி மட்டும் ஏன் சொதசொதவென்று நிற்கிறது?

பதிவு 1 | காலைப்பசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் எப்படிக் கணக்குப் பார்த்து வாங்கினாலும் வாரக் கடைசியில் அரைப் பொட்டலம் பிரெட் மீந்துவிடுகிறது. தூக்கிப் போட மனம் வராமல், அதைத் துண்டுகளாக்கி, முட்டையும் பாலும் சர்க்கரையும் கலந்து ஊற்றி, மஃபின் தட்டில் சுட்டுக் காலை உணவாக்கலாம் என்று சென்ற மாதத்திலிருந்து முயன்று வருகிறேன். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் ஒரே குறைதான். மேற்பகுதி பொன்னிறமாக மொறுமொறுவென்று வருகிறது. கரண்டியால் பிளந்தால் நடுவில் கஞ்சி போன்ற கொழகொழப்பு இருக்கிறது. அடியில், காகிதக் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்ட முட்டைப் படலம் ஒன்று ஆடைபோல் உரிந்து வருகிறது. ஓவனிலிருந்து எடுக்கும்போது கிண்ணத்துக்கு மேலே எழும்பி நின்றவை, மேசைக்கு வருவதற்குள் குழிந்துவிடுகின்றன.

நான் எடுத்த அளவு: 10 துண்டு பிரெட் (சுமார் 280 கிராம்), 600 மில்லி பால், 3 முட்டை, 100 கிராம் சர்க்கரை, 1 தேக்கரண்டி வெனிலா எசன்ஸ். 12 குழிகள் நிறைந்தன. 180 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் சுட்டேன். பிரெட் மூன்று நாள் பழையது. கட்டிய பையிலேயே இருந்தது. தொட்டால் விறைப்பாக இருந்தது. காய்ந்த பிரெட் நிறையப் பால் குடிக்கும் என்று எண்ணித்தான் பாலைக் கூட்டி ஊற்றினேன். எங்கே தவறுகிறேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பதிவு 2 | அளவுக்கரண்டி

தவறு, நீங்கள் "காய்ந்த பிரெட்" என்று எழுதிய இடத்திலேயே தொடங்குகிறது. கட்டிய பையில் மூன்று நாள் இருந்த பிரெட் பழசாகியிருக்கிறதே ஒழியக் காயவில்லை. பார்வைக்கும் தொடுகைக்கும் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும், பால் ஊற்றும்போது இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு.

பிரெட் சுடப்படும்போது மாவிலுள்ள ஸ்டார்ச் நீரை உறிஞ்சி இளகுகிறது. ஆறிய பிறகு அந்த ஸ்டார்ச், குறிப்பாக அதிலுள்ள அமைலோபெக்டின் என்னும் கூறு, மெல்ல மெல்ல மறுபடியும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாகிறது. பழைய பிரெட்டின் விறைப்புக்குப் பெரும்பங்கு காரணம் இதுதான். 1852ஆம் ஆண்டிலேயே பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், ஈரம் வெளியேற வழியில்லாதபடி அடைத்து வைத்த பிரெட்டும் பழசாகிறது என்று காட்டிவிட்டார். ஆகவே உங்கள் பிரெட்டில் முதல் நாள் இருந்த நீர் ஏறக்குறைய அப்படியே இருந்திருக்கும். சாதாரண பிரெட்டின் எடையில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு நீர்தான். அதாவது நீங்கள் எடுத்த 280 கிராமில் 100 கிராமாவது ஏற்கெனவே நீர். அதன்மேல் 600 மில்லி பாலும் 3 முட்டையும் சேர்ந்தால் நடுப்பகுதி எப்படி இறுகும்?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு துண்டை இரு கைகளிலும் பிடித்து மெல்ல வளையுங்கள். வளைந்து, பிறகு சோம்பலாகக் கிழிந்தால் அது பழசான பிரெட். வளையாமல் படக்கென்று முறிந்து கையில் தூள் உதிர்ந்தால் அது காய்ந்த பிரெட். பாலை இரண்டாவதற்குத்தான் தாராளமாக ஊற்றலாம்.

நான் செய்வது இதுதான். பிரெட்டை இரண்டு சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்கி, அகலமான தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, 150 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வைக்கிறேன். நிறம் மாற விடுவதில்லை. ஓரங்கள் கரகரப்பானால் போதும். போடுவதற்கு முன்னும் எடுத்த பின்னும் எடை பார்ப்பது என் பழக்கம். 300 கிராம் உள்ளே போனால் 240 கிராம் அளவில் வெளியே வரும். அந்த 60 கிராம் நீருக்குப் பதிலாக 60 மில்லி பால் ஊற்றினாலும் மொத்த ஈரம் கூடுவதில்லை, ஆனால் சுவையற்ற நீர் இருந்த இடத்தில் இனிப்பும் வாசனையும் போய் அமர்ந்துகொள்கின்றன. பழைய பிரெட்டில் செய்யும் பண்டம் புதுப் பிரெட்டில் செய்வதைவிட நன்றாக இருக்கும் என்று சொல்வதில் உண்மை இருக்கிறதென்றால், அது இந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது.

அளவு: உலர்த்துவதற்கு முன் 300 கிராம் பிரெட், 400 மில்லி பால், 3 முட்டை, 90 கிராம் சர்க்கரை, உருக்கிய வெண்ணெய் 40 கிராம். உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். மாவின் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் உப்பு பிரெட்டிலேயே இருக்கும்.

பதிவு 3 | தணல்

அளவுக்கரண்டி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பாலைக் குறைத்தால் மட்டும் குறை தீர்ந்துவிடாது, ஊறும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். காலைப்பசி அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. கலவையை ஊற்றிய உடனே தட்டில் நிரப்பிவிட்டீர்களா? அப்படியானால் அடியில் உரிந்து வந்த முட்டைப் படலத்துக்கு அதுதான் காரணம். பிரெட்டுக்குள் போக நேரம் கிடைக்காத பாலும் முட்டையும் குழியின் அடியில் தேங்கி, அங்கேயே தனியாக வெந்துவிடுகின்றன.

உலர்த்திய துண்டுகளை 20 நிமிடமாவது ஊற விடுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, அடியிலிருந்து மேலாக, துண்டுகள் உடையாதபடி அகப்பையால் புரட்டிவிடுங்கள். ஊறியதா என்று பார்க்க ஒரு துண்டை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். நடுவில் வெள்ளையாக உலர்ந்த புள்ளி தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்தால் அடியில் இரண்டு மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் திரவம் ஓடக் கூடாது. ஓடினால் அதைத் தட்டில் ஊற்றாதீர்கள். ஒரு கைப்பிடி பிரெட் துண்டுகளை அதில் போட்டுவிடுங்கள்.

அடுத்து வேகும் அளவு. நேரத்தை நம்புவதைவிட, குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தால் அதை நம்புங்கள். முட்டை கலந்த பண்டத்தின் நடுப்பகுதி குறைந்தது 71 டிகிரியை எட்டினால்தான் உண்பதற்குப் பாதுகாப்பு. ஆனால் பாலும் சர்க்கரையும் முட்டையை நீர்க்கச் செய்து, அது இறுகும் வெப்பநிலையை மேலே தள்ளிவிடுவதால், 71இல் எடுத்தால் பாதுகாப்பாக இருந்தாலும் கொழகொழவென்றுதான் இருக்கும். 82 முதல் 85 டிகிரி வரை போக விடுங்கள். வெறும் கஸ்டர்டாக இருந்தால் இதற்கு மேல் போனால் திரிந்துவிடும் என்று பயப்பட வேண்டும். பிரெட்டின் ஸ்டார்ச் கூட இருப்பதால் இங்கே கொஞ்சம் மன்னிப்பு உண்டு. வெப்பமானி இல்லாதவர்கள் நடுவில் கத்தி நுனியைச் செருகி, ஓரத்தில் லேசாக விரலால் அழுத்திப் பாருங்கள். கத்தியைச் சுற்றிப் பால் வெள்ளையாகக் கசிந்தால் வேகவில்லை. ஈரம் பளபளத்தாலும் திரவம் வராவிட்டால் எடுத்துவிடலாம். உங்கள் 25 நிமிடம், அவ்வளவு பாலுக்குப் போதவே போதாது.

பதிவு 4 | காலைப்பசி

இருவருக்கும் நன்றி. ஆம், ஊற்றிய கையோடு தட்டில் நிரப்பிவிட்டேன். ஊற வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. வளைத்துப் பார்க்கும் சோதனையை இப்போதே செய்தேன். நீங்கள் எழுதியதுபோலவே சோம்பலாகக் கிழிந்தது! இத்தனை நாள் விறைப்பை வறட்சி என்று நினைத்திருக்கிறேன்.

குழிவது பற்றி யாரும் சொல்லவில்லையே. பேக்கிங் பவுடர் சேர்த்தால் அது நிற்குமா?

பதிவு 5 | ஈரமாவு

கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. 300 கிராம் பிரெட்டுக்கு 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போட்டால் மஃபின் புசுபுசுவென்று வரும். பேக்கிங் பவுடர் இல்லாமல் செய்வதை மஃபின் என்று அழைப்பதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அது கிண்ணத்தில் வைத்த பிரெட் புட்டிங்தான்.

பதிவு 6 | அளவுக்கரண்டி

பெயரைப் பற்றி ஈரமாவு அக்காவுடன் சண்டையில்லை. ஆனால் குழிவதற்குப் பேக்கிங் பவுடர் மருந்தாகாது. சில சமயம் அதிகமாக்கிவிடும். சாதாரண மஃபினில் பச்சை மாவு இருக்கிறது. அதன் ஸ்டார்ச்சும், பசையம் (குளூட்டன்) என்னும் புரதமும், முட்டையும் ஓவனில் முதன்முறையாக வெந்து இறுகி, உள்ளே உண்டான காற்றறைகளுக்குச் சுவர் எழுப்புகின்றன. பிரெட்டில் அந்த இரண்டும் முன்பே ஒருமுறை வெந்து முடிந்தவை. புதிதாகச் சுவர் எழுப்ப முட்டை ஒன்றுதான் மிச்சம். வாயு பெருகினால் மேலே எழும்பும். ஆறியதும் அதைத் தாங்க ஆள் இல்லாமல் உட்கார்ந்துவிடும்.

அரைச் சென்டிமீட்டர் அமுங்குவது இயல்பு. சூட்டில் விரிந்த காற்றும் நீராவியும் சுருங்கினால் வேறென்ன நடக்கும்? நடுவில் கிணறு போலக் குழிந்தால் மட்டும் வேகவில்லை என்று பொருள். எழும்பி நிற்கும் தோற்றம் வேண்டுமென்றால், தொடக்கத்திலேயே குழியின் விளிம்புக்கு மேல் கூம்பாகக் குவித்து நிரப்புங்கள். இந்தக் கலவை சாதாரண மஃபின் மாவைப் போல வழியாது என்பதால் பயமின்றிக் குவிக்கலாம். மேலே துருத்திக்கொண்டு நிற்கும் பிரெட் முனைகள்தான் கரகரப்பாகச் சிவந்து, இந்தப் பண்டத்தின் சிறந்த கடியாக அமைகின்றன. அவற்றைக் கரண்டியால் அழுத்திச் சமன் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பதிவு 7 | ஈரமாவு

தம்பி சொல்வது துண்டு முறைக்குப் பொருந்தும். நான் செய்வது தூள் முறை. ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் பிழை. பிரெட்டை நன்றாக உலர்த்தி மிக்சியில் பொடித்து, மைதாவின் பெரும்பகுதிக்குப் பதிலாக அதைப் போடுகிறேன். இதில் பேக்கிங் பவுடர் இல்லாமல் முடியாது. துண்டு முறையில் வருவது மென்மையான, கரண்டியால் எடுத்து உண்ணும் பண்டம். தூள் முறையில் வருவது கையில் பிடித்துக் கடித்தபடி வேலையைப் பார்க்கக்கூடிய மஃபின். காலை அவசரத்துக்கு எது ஏற்றது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

9 மஃபினுக்கு என் அளவு: உலர்ந்த பிரெட் தூள் 120 கிராம், மைதா 60 கிராம், பால் 240 மில்லி, முட்டை 2, சர்க்கரை 80 கிராம், உருக்கிய வெண்ணெய் 60 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, பட்டைத்தூள் 1 தேக்கரண்டி. முதலில் தூளைப் பாலில் கொட்டிக் கிளறிப் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட வேண்டும். தொடக்கத்தில் தண்ணீராகத் தெரிவது, பத்தாவது நிமிடத்தில் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகிவிடும். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தால் மஃபின் வாயில் மணல்போல் உறுத்தும். தூள் ஓவனுக்குள் இருக்கும்போது முட்டையின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். பிறகு முட்டை, சர்க்கரை, வெண்ணெய். மைதாவோடு சலித்த பேக்கிங் பவுடர் கடைசியில்தான் சேர வேண்டும், ஏனெனில் ஈரம் பட்டதும் அது வேலையைத் தொடங்கிவிடும். தூள் ஊறும்வரை காத்திருக்காது. குழியில் முக்கால் அளவு நிரப்பி 185 டிகிரியில் 20 முதல் 22 நிமிடம்.

மைதாவை முற்றிலும் விட்டுவிட்டு ஒருமுறை முயன்றேன். சுவை நன்றாகவே இருந்தது, ஆனால் காகிதத்தை உரித்ததும் பொலபொலவென்று சிதறியது. அந்த 60 கிராம் மைதா, சிதறாமல் பிடித்து வைப்பதற்கான கூலி.

பதிவு 8 | நெய்வாசனை

நல்ல இழை. எந்தப் பிரெட் என்பதைப் பற்றியும் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. வெள்ளைச் சாண்ட்விச் பிரெட் விரைவில் ஊறி விரைவில் கரைந்தும் போகும். அதற்கு 20 நிமிடத்துக்கு மேல் கூடாது. வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த பிரியோஷ் மீந்தால் அதைவிட நல்ல மூலப்பொருள் கிடையாது, ஆனால் அதில் சர்க்கரையும் கொழுப்பும் முன்பே இருப்பதால் இரண்டையும் மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். புளிக்க வைத்த சவர்டோ தடித்த ஓரத்தோடு இருக்கும். அதை முட்டைப்பால் கலவையில் போட்டு, மூடிக் குளிர்ப்பெட்டியில் இரவு முழுதும் வைத்தால்தான் உள்ளே இறங்கும். அதன் புளிப்பு இனிப்போடு சேர்ந்தால் அருமையாக இருக்கும் என்பது என் கட்சி. வீட்டில் மற்றவர்கள் எதிர்க்கட்சி. முழுக்கோதுமைப் பிரெட்டில் தவிட்டின் லேசான கசப்பு உண்டு. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகப் பழுப்புச் சர்க்கரையும் கொஞ்சம் பட்டையும் போட்டால் அது மறைந்துவிடும். பூண்டு, மிளகு, மூலிகை சேர்த்த பிரெட்டை இதற்கு எடுக்கவே வேண்டாம்.

என்னிடமும் ஒரு கேள்வி உண்டு. பிரெட்டின் ஒரு மூலையில் மட்டும் சிறிதாகப் பச்சைப் புள்ளி தெரிந்தால், அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் அல்லவா? எப்படியும் ஓவனில் 180 டிகிரியில் வேகப்போகிறது.

பதிவு 9 | தணல்

கூடாது. இதில் சமரசமே வேண்டாம். வெளியே தெரியும் பச்சை நிறம் பூஞ்சையின் வித்துகள் மட்டுமே. பிரெட் போன்ற மென்மையான, துளைகள் நிறைந்த உணவில் அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வெகுதூரம் பரவியிருக்கும். சூடு பூஞ்சையைக் கொன்றாலும், அது முன்பே உண்டாக்கிவிட்ட நச்சுகளில் பல, சமையல் சூட்டில் அழிவதில்லை. ஒரு துண்டில் புள்ளி தெரிந்தால் அந்தப் பொட்டலம் முழுவதையும் போட்டுவிடுங்கள். முகர்ந்து பார்ப்பதும் வேண்டாம். வித்துகள் மூக்குக்குள் போகும்.

பூஞ்சை இல்லாமலும் பிரெட் கெடுவதுண்டு. பிளந்தால் நடுப்பகுதி பிசுபிசுத்து நூல்நூலாக இழுபட்டு, அளவுமீறிப் பழுத்த பழத்தின் வாடை அடித்தால், அது பாசில்லஸ் வகைப் பாக்டீரியாவின் வேலை. அதன் வித்துகள் பிரெட் சுடப்படும் சூட்டையே தாண்டி உயிரோடு இருப்பவை. அந்த வாடையைப் பழ வாசனை என்று எண்ணி ஏமாந்துவிட வேண்டாம்.

மீந்ததை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் அதற்குரிய நேரம் பூஞ்சை வருவதற்கு முன்னால். தேவைக்கு மேல் இருக்கிறது என்று தெரிந்த நாளிலேயே நறுக்கி உறைபெட்டியில் போட்டுவிடுங்கள். குளிர்ப்பெட்டியின் சாதாரண அறையில் வைத்தால் பூஞ்சை தாமதமாகும், ஆனால் நீர் உறையும் நிலைக்குச் சற்று மேலான அந்தக் குளிரில்தான் பிரெட் மிக வேகமாக விறைக்கிறது. உறைநிலையில் விறைப்பது ஏறக்குறைய நின்றுவிடும். மஃபினுக்கு விறைத்தது ஒரு குறையல்ல என்பதால் இரண்டில் எதுவும் சரிதான். அப்படியே உண்ண வைத்திருப்பதற்கு உறைபெட்டியே நல்லது.

பதிவு 10 | நெய்வாசனை

புரிந்தது. நேரடியாகச் சொன்னதற்கு நன்றி. கையில் இருந்ததைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பதிவு 11 | வெண்தாமரை

எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. இந்த முறையில் முட்டைக்கு மாற்று ஏதாவது உண்டா? தயிர் சேர்த்துப் பார்த்தேன். சுவை இருந்தது, பிடிமானம் இல்லை.

பதிவு 12 | அளவுக்கரண்டி

வெண்தாமரை அம்மா, துண்டு முறையில் முட்டை செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: பாலை இறுக வைப்பது. அந்த வேலையைச் சோள மாவு செய்யும். ஆனால் முட்டையைப் போல 82 டிகிரியில் அது முழுதாகக் கெட்டியாகிவிடாது. கொதிநிலையை நெருங்க வேண்டும். மஃபினின் நடுப்பகுதியை ஓவனில் அவ்வளவு சூடாக்கக் காத்திருந்தால் ஓரங்கள் கருகிவிடும். எனவே அதை அடுப்பிலேயே முடித்துவிடுங்கள். 400 மில்லி பாலில் 3 மேசைக்கரண்டி சோள மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சர்க்கரை சேர்த்து, கரண்டியின் பின்புறம் பூசினாற்போல் படியும் வரை கிளறிக் கொதிக்க விடுங்கள். இறக்கி ஐந்து நிமிடம் ஆறிய பிறகு வெண்ணெய், பிரெட் துண்டுகள், நன்கு பழுத்து மசித்த இரண்டு வாழைப்பழம். பழம் பிடிமானத்துக்கு உதவுவதோடு இனிப்பையும் தருவதால் சர்க்கரையை 60 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம். 180 டிகிரியில் 25 நிமிடம் போதும், ஏனெனில் ஓவனில் இறுக வேண்டியது எதுவும் மிச்சமில்லை. மேலே சிவந்தால் எடுத்துவிடலாம். சூடாக இருக்கும்போது தளதளவென்றுதான் இருக்கும். தட்டிலேயே 20 நிமிடம் ஆற விட்டுப் பிறகு கிளப்புங்கள்.

தூள் முறையில் உங்கள் தயிர் வேலை செய்யும். அங்கே அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவோடு அதைச் சேர்த்து, மைதாவை 60இலிருந்து 100 கிராமாக உயர்த்திப் பாருங்கள்.

பதிவு 13 | நெய்வாசனை

பழம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒருமுறை பச்சை அன்னாசியைப் பொடியாக நறுக்கி முட்டைப்பால் கலவையில் போட்டு, அரை மணி நேரம் ஊற விட்டேன். சுட்ட பிறகு வாயில் வைக்க முடியாத கசப்பு. பால் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு முறை புதுப்பாலில் செய்து, அதையும் வீணாக்கினேன். அன்னாசியிலுள்ள புரோமலைன் என்ற நொதி பால் புரதத்தைச் சிதைப்பதால் வரும் கசப்பு அது என்று பிறகுதான் தெரிந்தது. சர்க்கரையோடு ஐந்து நிமிடம் கொதிக்க வைத்துச் சேர்த்தால் நொதி செயலிழந்துவிடும்; இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

ஆப்பிளை வெண்ணெயில் ஒரு வதக்கு வதக்கிச் சேர்ப்பது நல்லது. பச்சையாகப் போட்டால் சுற்றிலும் நீர் விட்டு, அந்த இடம் மட்டும் ஈரமாகவே நின்றுவிடும். உலர் திராட்சையை மேலே தூவாதீர்கள். அது பலூன்போல் உப்பிக் கருகி, கடித்தால் கரி சுவைக்கும். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, நிரப்பும்போது நடு அடுக்கில் புதைத்துவிடுங்கள்.

பதிவு 14 | ஈரமாவு

அதோடு, மேலே தூவும் சர்க்கரையை ஓவனில் வைப்பதற்கு முந்தைய நொடியில்தான் தூவ வேண்டும். முன்னதாகத் தூவினால் கரைந்து உள்ளே போய்விடும், மொறுமொறுப்பு கிடைக்காது. தேன் ஊற்றுபவர்கள் சுட்டு எடுத்த பிறகு ஊற்றுங்கள். சர்க்கரையைவிடத் தேன் விரைவில் கருகும். காகிதக் கிண்ணம் ஒட்டுவதாக எழுதியிருந்தீர்கள். துண்டு முறைக்குக் காகிதமே வேண்டாம். குழியில் வெண்ணெய் தடவிச் சர்க்கரையை ஒரு சுற்றுச் சுழற்றித் தட்டிவிட்டால், ஓரம் முழுக்க மெல்லிய பாகு பிடித்துக்கொள்ளும். ஆனால் ஐந்து நிமிடம் ஆறியதும் கத்தியை ஓரமாகச் சுற்றி எடுத்துவிட வேண்டும். பாகு இறுகிவிட்டால் தட்டோடுதான் போராட வேண்டியிருக்கும்.

பதிவு 15 | வெண்தாமரை

மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம் என்றும் சொல்லிவிடுங்கள். மீந்த பிரெட்டில் செய்ததும் மீந்துபோகிறது என்பது வேடிக்கைதான்.

பதிவு 16 | தணல்

முட்டையும் பாலும் சேர்ந்தது என்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குளிர்ப்பெட்டியில் மூன்று, நான்கு நாள். உறைபெட்டியில் இரண்டு மாதம். மறுநாள் விறைத்திருந்தால் கவலைப்படாதீர்கள். அளவுக்கரண்டி முதலில் சொன்ன அதே ஸ்டார்ச் மறுபடியும் அடுக்கிக்கொண்டிருக்கிறது. 60 டிகிரியைத் தாண்டினால் அந்தப் படிகங்கள் கரைந்து இளகிவிடும், ஆகவே 160 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வைத்தால் முதல் நாள் மென்மை திரும்பிவிடும். மைக்ரோவேவில் அரை நிமிடத்தில் இளகும், ஆனால் ஆறுவதற்குள் உண்டுவிட வேண்டும், ஆறினால் ரப்பர்.

பதிவு 17 | காலைப்பசி

இன்று காலை செய்து முடித்தேன். கட்டிய பையிலிருந்த பிரெட் 300 கிராம், உலர்த்திய பின் 246 கிராம். பால் 400 மில்லி, ஊறல் 20 நிமிடம். பாத்திரத்தைச் சாய்த்தபோது அடியில் ஒரு மேசைக்கரண்டி அளவுதான் ஓடியது. கூம்பாகக் குவித்து நிரப்பினேன். 28ஆவது நிமிடத்தில் நடுவில் 79 டிகிரி காட்டியது. இன்னும் மூன்று நிமிடம் விட்டேன், 84. வெண்ணெயும் சர்க்கரையும் பூசிய குழிகளில் பத்து சிக்கலில்லாமல் வந்தன. கடைசி இரண்டை எடுப்பதற்குள் தொலைபேசி அடித்ததால், ஈரமாவு அக்கா எச்சரித்ததுபோல் தட்டோடு போராடி, பாதியைக் குழியிலேயே விட்டேன்.

நடுப்பகுதியில் கஞ்சி இல்லை. பிளந்தால் பிரெட் துண்டுகளின் எல்லைகூட மங்கலாகத் தெரிகிறது, ஆனால் விரலால் அழுத்தினால் சொட்டு வரவில்லை. கொஞ்சம் அமுங்கின. அது போகட்டும். ஒரே ஒரு குறை: உலர்த்தும்போது ஓரத் துண்டுகள் சில அதிகம் சிவந்துவிட்டன, அவை ஊறாமல் நடுவில் பல்லுக்குத் தட்டுப்பட்டன. ஓரங்களைத் தனியாக நறுக்கி உலர்த்தாமலே சேர்க்கலாமா?

பதிவு 18 | அளவுக்கரண்டி

சேர்க்கலாம். அல்லது அவற்றை மட்டும் பாலில் ஐந்து நிமிடம் முன்னதாகப் போட்டுவிடுங்கள். நான் ஓரங்களைச் சேர்த்து வைத்து ஈரமாவு அக்காவின் தூள் முறைக்கு அனுப்பிவிடுகிறேன். மிக்சியில் ஓரமென்ன, நடுவென்ன.